லூர்துசாமி மெதுவாக ஓடினார்

மராத்தான் ஓடப்போவதாக லூர்துசாமி தன் வீட்டில் அறிவித்தபோது கூட்டம் அதிகமில்லை. மனைவி ஆரோக்கியமேரி இருந்தாள். மிக்ஸி இருந்தது. மிக்ஸி ஓடிக்கொண்டும் இருந்தது. அது நிற்கட்டும் என்று பொறுத்திருந்து பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. எதற்குமே பொறுத்திருக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"மேரி, முடிவு பண்ணிட்டேன். டிசம்பர்ல ஃபுல் மராத்தான் ஓடப்போறேன்."

மிக்ஸி நின்றது.

"என்னது?"

"மராத்தான். நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போறேன்."

"போற வழியில கோத்மிர் ஒரு கட்டு வாங்கிட்டு வந்துடுங்க. வாடினதா இருந்தா வேண்டாம். அப்படியே அந்த சுதாரையும் கையோட கூட்டிட்டு வாங்க. முதல் மழையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

மிக்ஸி மறுபடியும் ஓடியது.

கொத்தமல்லி கோத்மிர் ஆகி, தச்சர் சுதார் ஆகி அந்தக் குடும்பத்தில் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அப்பா ஊரை விட்டு, மராத்தி பேசுகிற கட்கிக்கு வெடிமருந்து ஆலை வேலைக்காக வந்தவர். மகனும் அதே ஆலையில் சேர்ந்து, அதே சங்கு ஊதும்போது உள்ளே போய், அதே சங்கு ஊதும்போது வெளியே வந்து, போன வருஷம் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டார். இப்போது தாபோடியில் சொந்த ஃபிளாட். சங்கு ஊத ஆளில்லை. காலையில் எழுந்தால் பொழுது போகாமல் அப்படியே கிடக்கிறது.

மேரிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். பள்ளி விட்டால் ட்யூஷன், ட்யூஷன் விட்டால் கோவில் பாடகர் குழு, அது விட்டால் சென்னையிலிருந்து மகள் அலினாவின் போன். மே மாதம் கல்யாணமாகி மாப்பிள்ளையோடு சென்னைக்குப் போனவள் அலினா. அம்மாவும் மகளும் தினம் பேசுவார்கள். கடைசியில் அலினா, "அப்பா எப்படி இருக்காரு?" என்பாள். "இருக்காரு" என்பாள் மேரி. அதோடு லூர்துசாமியைப் பற்றிய செய்திகள் முடிவடையும்.

அவசரத்தில் லூர்துசாமியை மிஞ்ச ஆளில்லை. கல்யாணத்தன்று சாமியார், "இந்தப் பெண்ணை உன் மனைவியாக..." என்று ஆரம்பித்தபோதே "சம்மதம்" என்று சொன்னவர் அவர். கோவிலில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. சாமியார் மரியாதைக்காகக் கேள்வியை முடித்தார். கோவிலுக்கு நடந்து போனால் மேரிக்குப் பத்துப் பதினைந்து எட்டு முன்னால் போவார். அவள் வாசலைத் தொடும்போது இவர் உள்ளே முழங்கால் போட்டு எழுந்து உட்கார்ந்திருப்பார். சாப்பிடும்போதும் அப்படித்தான். மேரி ரசம் ஊற்ற வரும்போது தட்டு கழுவப்பட்டிருக்கும்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஜெபமாலைதான் விஷயமாகிவிட்டது.

ஜெபமாலை இரண்டு பேர் சேர்ந்து சொல்கிற ஜெபம். 'அருள் நிறைந்த மரியே' என்று ஒருவர் முன்பாதியைச் சொன்னால், 'தூய மரியே' என்று மற்றவர் பின்பாதியை எடுத்து முடிக்க வேண்டும். பத்துப் பத்தாக ஐந்து பத்து. தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் அது தவறியதில்லை. மேரி முன்பாதி. லூர்துசாமியும் அலினாவும் பின்பாதி. அலினா நிதானமாகச் சொல்வாள். அவள் குரல் அப்பாவின் குரலைக் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தது. அவள் போனதும் லூர்துசாமி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி ஆனார். மேரி தன் பாதியைப் பாதி சொல்லும்போதே இவர் தன் பாதியை ஆரம்பித்தார். அவள் முடிக்கும்போது இவர் ஆமென் சொல்லிவிட்டு அடுத்த மணியை விரலால் தள்ளிக்கொண்டு காத்திருந்தார்.

மேரி ஒரு வாரம் பொறுத்தாள். ஜூன் மாதத்தில் ஒருநாள் மூன்றாவது பத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"நான் மாதாகிட்டப் பேசறேன். நீங்க லோணாவளா லோக்கல் ரயிலைப் புடிக்கப் போறீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துவராது. இனிமே நீங்க தனியா சொல்லுங்க, நான் தனியா சொல்லிக்கறேன்."

ஹாலில் இருந்த மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு பெட்ரூமுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். பாகப்பிரிவினை முடிந்தது. மாதா மேரியின் பக்கம். டிவி லூர்துசாமியின் பக்கம்.

அன்றிலிருந்து ஏழு மணிக்கு அந்த வீட்டில் இரண்டு ஜெபமாலைகள். லூர்துசாமி இரண்டு பாதியையும் தானே சொல்லி, மேரி இரண்டாவது பத்தில் இருக்கும்போதே முடித்துவிடுவார். மிச்ச நேரம் முழுக்க, அணைத்துவைத்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவுக்கு அந்தப் பக்கம் மேரியின் குரல் வரும். வார்த்தை புரியாது, குரல் மட்டும் வரும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தார். வாயுவாக இருந்தால்தானே போகும். அந்தக் கதவு சாத்தியிருப்பது அவருக்குத் தாங்கவில்லை. தட்டலாம் என்றால், தட்டிவிட்டு என்ன சொல்வது? முப்பது வருஷமாக முன்னால் நடந்து போன மனுஷன் திரும்பி வந்து என்ன சொல்வான்?

அதனால் மராத்தான். வீரமாக எதையாவது செய்து, கழுத்தில் மெடலோடு வந்து நின்றால் மேரி தானாகவே கதவைத் திறந்து கூப்பிடுவாள். கேட்கவேண்டிய அவசியமே இருக்காது. திட்டம் அவ்வளவுதான்.

மேல் வீட்டுப் பட்டாபிராமன் பாங்கியில் ஓய்வு பெற்றவர். ஐந்தாறு மராத்தான் ஓடியவர். லூர்துசாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடறது பெரிசில்லை லூர்து சார். வேகத்தைக் கையில வெச்சுக்கறதுதான் பெரிசு. முதல் மராத்தான்ல ஜெயிக்கறவா எல்லாம் மெதுவா ஆரம்பிச்சவா. படுத்துக்கறவா எல்லாம் வேகமா ஆரம்பிச்சவா. முதல் பாதி ஓடறச்சே வெட்கமா இருக்கணும்."

"வெட்கமாவா?"

"கிழவிகள்லாம் நம்மளைத் தாண்டிப் போவா. போகட்டும்னு விடணும். முப்பது கிலோமீட்டருக்கு மேல அவாளை வழியிலே பாக்கலாம்."

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

"அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பேசிண்டே ஓடணும். மூச்சு வாங்காம வாய் விட்டுப் பேச முடிஞ்சா சரியான வேகம். பேச்சு தடுமாறினா வேகம் ஜாஸ்தி. அவ்வளவுதான். வாட்சும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கூட ஒரு ஆள் இருந்தா போதும்."

அங்கேதான் இடித்தது. கூட ஆள் யார்? பட்டாபிராமன் ஓடுகிற வேகத்துக்கு லூர்துசாமி ஈடுகொடுக்க முடியாது. காலையில் ஓட வருகிற மற்றவர்கள் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள். மராத்தியிலும் இங்கிலீஷிலும் பேசிக்கொண்டு கூட்டமாக ஓடுவார்கள். "குட் மார்னிங் அங்கிள்" என்பார்கள். இவர் பதில் சொல்வதற்குள் போபோடியைத் தாண்டியிருப்பார்கள். இவர் தனியாகப் பேசிப் பார்த்தார். கட்கி கன்டோன்மென்ட் சாலையில், மரங்களுக்குக் கீழே, தன் பென்ஷன் கணக்கைத் தனக்கே விளக்கிக்கொண்டு ஓடினார். காவலாளி ஒருவன் வழிமறித்து, "காகா, தபியத் டீக் ஹை நா?" என்று விசாரித்தான். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று அவனை நம்பவைக்கவே பெரும்பாடு ஆயிற்று.

மறுநாள் ஓடிக்கொண்டே மேரிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. சும்மா பேசலாம்னு."

"பேசலாம்னா?"

"பேசலாம்னுதான்."

"விழுந்துட்டீங்களா?"

"இல்லை மேரி. ஓடிக்கிட்டுதான் இருக்கேன். ஏதாவது பேசேன்."

"எதைப் பேச? ஸ்கூலுக்கு நேரமாச்சு. குக்கர் மூணாவது விசில். பேசணும்னா வீட்டுல இருக்கறப்ப பேசுங்களேன், யாரு வேண்டாங்கறது? சுதாரைப் பாத்தா வரச் சொல்லுங்க."

போன் வைத்துவிட்டாள். லூர்துசாமி வாடிப்போனார். சுதார், சுதார், சுதார். புருஷன் குரலைவிட அந்தச் சுதாரின் முகம்தான் அவளுக்கு வேண்டியிருக்கிறது. எந்த வேலைக்கு என்று கேட்கிற பொறுமை இவருக்கு இல்லை. கேட்டால் உடனே போகவேண்டி வரும்.

கடைசியில் ஜெபமாலையையே சொல்லிக்கொண்டு ஓடினார். மனப்பாடமான பேச்சு, யோசிக்க வேண்டாம். ஆனால் தனியாகச் சொன்னால் இரண்டு பாதியையும் தானேதான் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு விட இடமில்லை. ஒன்றை முடிக்கும்போது அடுத்தது தொற்றிக்கொள்ளும். ஜெபம் வேகமாகும், ஜெபத்தோடு காலும் வேகமாகும். இரண்டாவது பத்திலேயே நாக்கு வெளியே தள்ளி, ஹாரிஸ் பாலத்தின் கைப்பிடியில் தொங்கினார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்த ஜெபத்தில் ஒருத்தர் பேசும்போது மற்றவர் மூச்சு விடுகிறார். முப்பது வருஷமாக இவர் மூச்சு விட்டதெல்லாம் மேரியின் பாதியில்தான்.

மேரியின் பாதி வேண்டும். ஆனால் மேரியிடம் கேட்கக்கூடாது. கேட்டால் மெடல் எதற்கு, மராத்தான் எதற்கு?

அன்று சாயங்காலம் லூர்துசாமி ஜெண்டுப்பூ வாங்கிவந்தார். மேரி ட்யூஷன் பிள்ளைகளோடு இருந்தபோது பெட்ரூமுக்குள் போய் மாதா சொரூபத்தின் முன்னால் பூவை அழகாக அடுக்கினார். சொரூபத்தின் பின்னால் தன் போனை ரெக்கார்டிங்கில் போட்டு வைத்தார். ஏழு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவர் போல மணியை உருட்டினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் மேரி ஆரம்பித்தாள். முதல் பத்து போயிற்று. இரண்டாவது பத்தில் போன் அடித்தது.

லூர்துசாமிக்கு உயிர் போய்விட்டது. சைலண்டில் போட மறந்திருந்தார். பெட்ரூமில், மாதாவின் பின்னாலிருந்து, அலினாவின் அழைப்பு ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

மேரி நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தி, மணியோசைக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே போனாள். முடித்துவிட்டு வெளியே வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் தன் போனை எடுத்து அலினாவிடம் பேசினாள். "அப்பா போனா? எங்கேயாவது வெச்சிருப்பாரு" என்றாள். சமையலறைக்குள் போனாள்.

ஜெபத்தில் ஆழ்ந்திருந்ததால் அவள் காதில் விழவில்லை என்று லூர்துசாமி முடிவுசெய்தார். மாதாவுக்கு நன்றி சொன்னார். மறுநாளும் பூ வாங்கினார். அதற்கு மறுநாளும். தாபோடி நாக்கா முனையில் பூக்காரி இவரைப் பார்த்ததும் கட்டி வைக்க ஆரம்பித்தாள்.

காலையில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஓடினால் காதில் மேரி. முன்பாதியைச் சொல்லி நிறுத்துவாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு அடுத்தது. போன் அடிப்பதற்கு முந்தின அந்த முதல் பத்திலிருந்தே அப்படித்தான். பின்பாதியை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். அந்த இடைவெளியில் லூர்துசாமி தன் பாதியைச் சொல்வார். பழைய வேகத்தில் சொன்னால் இடைவெளி மிச்சமாகும். மேரி வருகிறவரை காத்திருக்க வேண்டும். ரெக்கார்டிங்கை அவசரப்படுத்த முடியாது, முறைக்க முடியாது, அடுத்த மணியைத் தள்ளிக்கொண்டு உட்கார முடியாது. வேறு வழியில்லாமல் மெதுவாகச் சொன்னார். ஜெபம் மெதுவாக, கால்கள் மெதுவாயின. மூச்சு சீராயிற்று. ஹாரிஸ் பாலம் தாண்டியது, கட்கி தாண்டியது, கைப்பிடியில் தொங்கவேண்டிய தேவை வரவில்லை. அக்டோபரில் பட்டாபிராமனே அசந்துபோனார்.

"கடிகாரம் முழுங்கின மாதிரி ஓடறீர் ஓய். யார் கோச்?"

"தனியாத்தான்" என்றார் லூர்துசாமி.

சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது. விடிகாலையிலிருந்து காதில் பேசுகிறவள், வீட்டுக்கு வந்தால் கோத்மிர் என்கிறாள், சுதார் என்கிறாள். இவரும் வாய் திறப்பதில்லை. மேரியோடு இருப்பதற்காக மேரி இருக்கிற வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது.

ஒருநாள் ஔந்த் பக்கம் ஓடும்போது பேருந்து இரைச்சல் எதுவும் இல்லை. மேரி நிறுத்திய இடைவெளியில் வேறொரு சத்தம் கேட்டது. பெட்ரூம் ஃபேன். அதற்குப் பின்னால் தூரத்தில் யாரோ ஒரு ஆள், மூச்சு விடாமல், எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பாவம், யாரும் கூட இல்லாதவன் போல. யார் என்று யோசித்தார். நாலைந்து எட்டு வைத்தபிறகுதான் தெரிந்தது. கதவுக்கு வெளியே, ஹாலில், டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்த லூர்துசாமி. அன்று அவர் மேற்கொண்டு ஓடவில்லை. ஒரு டப்ரியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். தனிமை என்பது இதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓமத் தண்ணீர் குடிப்பதை அன்றோடு நிறுத்தினார்.

டிசம்பர் வந்தது. பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை மேரி இட்லி வேகவைத்து அடுக்கினாள்.

"நாளைக்கு வருவியா?" என்று கேட்டார். கேட்டதே பெரிது.

"ஞாயித்துக்கிழமைங்க. பூசையில நான்தானே பாட்டு ஆரம்பிக்கணும்?"

"சும்மா கேட்டேன்."

"முட்டிக்கு வாசலின் தடவிக்குங்க. வேகமா ஓடாதீங்க."

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதது எது?" என்றாள் மேரி.

அன்று சாயங்காலம் மேரியின் ஜெபமாலை வழக்கத்தைவிட நீண்டது. எனக்காகச் சேர்த்து வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து லூர்துசாமி ஹாலில் கண் கலங்கினார். பிறகு போனை எடுத்து, அந்த மாதத்து ரெக்கார்டிங்குகளை வரிசையாக வைத்து, அன்றையதைக் கேட்காமலே கடைசியில் சேர்த்தார். கஷ்டமான நேரத்தில் புதிதாக ஒன்று இருக்கட்டும் என்று.

பந்தயம் ஆரம்பிக்கிற பாலேவாடியில் விடியுமுன் நல்ல குளிர். மற்றவர்களுக்குக் கைகாட்ட ஆள் இருந்தது. மனைவிகள், பிள்ளைகள், அட்டையில் பெயர் எழுதிப் பிடித்த சிநேகிதர்கள். லூர்துசாமி காது இரண்டையும் அடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். கொம்பு ஊதியது. கூட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆலைச் சங்கு பழக்கிய கால் அவருக்கு. அந்தச் சத்தத்தில் அது தானாகவே பறக்கப் பார்த்தது. மேரி 'அருள் நிறைந்த மரியே' என்றாள். கால் அடங்கியது.

எல்லோரும் அவரைத் தாண்டினார்கள். இளைஞர்கள் தாண்டினார்கள். ஒன்பது கஜம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஒரு ஆஜிக் கிழவி தாண்டினாள். வாழைப்பழ வேஷம் போட்ட ஒருவன் தாண்டினான். பட்டாபிராமன் சொன்ன வெட்கம் போதுமான அளவு கிடைத்தது. லூர்துசாமி 'தூய மரியே' என்று சொல்லிக்கொண்டு, யாரோடும் போட்டியில்லாமல், பாணேர் ரோட்டில் ஒரு தனி ஊர்வலமாகப் போனார். பாதி தூரம் தாண்டியது. வாழைப்பழத்தை இவர் தாண்டினார். அது நடைபாதையில் உட்கார்ந்து தோலை உரித்துக்கொண்டிருந்தது.

முப்பதுக்கு மேல் சரிந்தது. வெயில் ஏறிவிட்டது. தொடை இரண்டும் அவருடையதாக இல்லை. அந்த நேரம் பார்த்து மேரி ஒரு வெள்ளிக்கிழமைக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை என்றால் துயர மறைபொருள்கள், இயேசு பட்ட பாடுகள். சிலுவை சுமந்து விழும் இடத்தில் லூர்துசாமிக்கு மனப்பூர்வமாக ஈடுபட முடிந்தது. முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. எதற்கு இதெல்லாம் என்று தோன்றியது. மெடலைக் கொண்டுபோய்க் காட்டினால், "அங்க ஆணியில மாட்டுங்க" என்பாள். அவ்வளவுதானே. நின்றுவிடலாமா என்று யோசித்தார். ரெக்கார்டிங் முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. சனிக்கிழமையுடையது.

"ஏங்க. தண்ணி குடிச்சீங்களா?"

லூர்துசாமி திரும்பிப் பார்த்தார். பின்னால் சாலையில் யாரும் இல்லை. காதில் இடைவெளி.

"இல்லை" என்றார், தன்னை அறியாமல்.

"தெரியும். முதல்ல குடிங்க. மடக்மடக்குனு குடிக்காதீங்க."

நாலு எட்டில் இருந்த தண்ணீர்ப் பந்தலில் டம்ளரை வாங்கி மடக்மடக்கென்று குடித்தார். புரையேறியது.

"புரையேறியிருக்கும். எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா?"

இடைவெளி.

"எப்படித் தெரியும்?" என்று கத்தினார்.

"கத்தாதீங்க, பக்கத்துல போறவங்க பாப்பாங்க." தண்ணீர் கொடுக்க நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "முதல் நாளே தெரியும்ங்க. நான் ஜெபமாலை சொல்லிக்கிட்டிருக்கேன், மாதா பின்னாடியிலேருந்து போன் அடிக்குது. மாதாவுக்கு யாருங்க போன் பண்ணுவா?"

லூர்துசாமி காலி டம்ளரை அந்தப் பெண்களிடம் நீட்டிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தார்.

"கல்யாணமாகி எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தராதவரு தினம் ஜெண்டுப்பூ வாங்கறாரு. பக்தி முத்திடுச்சுன்னு நான் நினைக்கணுமாக்கும். பட்டாபிராமன் சார்கிட்டக் கேட்டேன். பேசிக்கிட்டே ஓடணும்னு சொல்லிக் கொடுத்தேன்னாரு. சரிதான், அதுக்குத்தான் நான் வேணும்னு புரிஞ்சுது. அன்னிலேருந்து இன்னும் கொஞ்சம் மெதுவா சொன்னேன். நீங்க விழுந்து எழுந்து வந்தா மருந்து போடறது யாரு?"

அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஓடுகிறோம் என்பதே மறந்திருந்தது.

"இன்னொண்ணு. போன் வைக்கறதுக்கு முன்னாடியும் நான் பாதியோடதான் நிறுத்தினேன். தனியா சொல்றவ முழுசையும் சொல்லிட்டுப் போகலாமே. நான் சொல்லலை. உங்க பாதியை விட்டுட்டு உக்காந்திருந்தேன், ஜூன்லேருந்து. நீங்க அங்க அடிச்சுப் பிடிச்சு முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கறது எனக்கும் கேக்கும்ங்க. சும்மா உக்காந்திருக்கறதும் கேக்கும்."

இங்கே நீண்ட இடைவெளி விட்டிருந்தாள். லூர்துசாமி அதை அழுது நிரப்பினார். தசைப்பிடிப்பு என்று நினைத்து ஒரு பெண் ஓடிவந்து முழங்காலில் ஸ்ப்ரே அடித்தாள். "அங்கே இல்லைம்மா" என்றார் தமிழில். அவள் அடுத்த முழங்காலுக்கும் அடித்தாள்.

"சரி, போதும். அழுதா மூச்சு போயிடும். முடிச்சிட்டு பஸ்ல நின்னுக்கிட்டு வராதீங்க, ரிக்‌ஷா புடிங்க. எடுங்க. நான் சொல்றேன், நீங்க முடிங்க. மெதுவா."

மேரி ஆரம்பித்தாள். லூர்துசாமி முடித்தார். அப்படியே முடித்து முடித்து எல்லைக்கோட்டையும் முடித்தார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் நாற்காலி அடுக்குவதை நிறுத்திவிட்டு அவர் கழுத்தில் மெடலை மாட்டி, "சாபாஷ் காகா" என்றான்.

சாயங்காலம் ஏழு மணி. லூர்துசாமி ஹாலில் சோஃபாவில் இருந்தார். வெந்நீர்க் குளியல் ஆயிற்று, சாப்பாடு ஆயிற்று, உட்கார்ந்தது மட்டும் தெரியும், எழுந்திருக்க வழியில்லை. காலையில் நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தில் மெடல் இருந்தது. பெட்ரூம் கதவு திறந்தது. மேரி இரண்டு கையாலும் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள்.

லூர்துசாமி அவள் கடைசி வார்த்தை முடிகிறவரை காத்திருந்தார். பிறகு தன் பாதியைச் சொன்னார். ஐந்து பத்தும் அப்படியே போயிற்று. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. இத்தனை மாதமும் ஓடப் பழகுவதாக நினைத்து எதைப் பழகியிருக்கிறோம் என்று நாலாவது பத்தில்தான் அவருக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் வரவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் அடைத்தது போய்விட்டிருந்தது. இருந்தாலும் ஆம்பளை, ஒரு வெற்றியாவது தன் கணக்கில் இருக்கட்டும் என்று மெடலை நிமிர்த்திவைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரி மேரி. ஒண்ணை மட்டும் நீ ஒத்துக்கணும்."

"என்ன?"

"மெடலோட வந்து நின்னா நீயாவே கதவைத் திறந்துக்கிட்டு வருவேன்னு ஆகஸ்ட்லயே கணக்குப் போட்டேன். வந்தியா இல்லையா?"

"எந்தக் கதவை?"

"பெட்ரூம் கதவைத்தான். இத்தனை மாசமா தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தியே, அந்தக் கதவை."

மேரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு மறந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"எந்தத் தாழ்ப்பாள்? அது முதல் மழையிலேயே கழண்டு விழுந்துடுச்சு. கதவு காத்துக்கு ஆடுதுன்னு பேப்பர் மடிச்சு சொருகி வெச்சிருக்கேன். தினம் தினம் சுதாரைக் கூட்டிட்டு வாங்கன்னு எதுக்குச் சொன்னேன்னு நினைச்சீங்க?"

லூர்துசாமி தலையை மட்டும் திருப்பினார். சோஃபாவிலிருந்து அந்தக் கதவு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள் இருந்தன.

"அப்போ..." என்றார்.

மேரி எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"தள்ளியிருந்தா திறந்திருக்கும்ங்க."